ஒரு புருவம், பத்து விரல்: ஃபேட்ஸ் வாலர்



போன மாசம் ஒரு ராத்திரி 'இரேசர்ஹெட்' பார்த்தேன். டேவிட் லிஞ்சோட முதல் முழுநீளப் படம், 1977. பார்த்தவங்களுக்குத் தெரியும், தூங்கப் போறதுக்கு முன்னாடி பார்க்கிற படம் இல்ல அது. கறுப்பு வெள்ளை, புகை, மெஷின் ஓடுற இரைச்சல். அந்த இரைச்சலுக்குப் பின்னாடி எங்கேயோ தூரத்துல ஒரு ஆர்கன் கேட்டுக்கிட்டே இருக்கும், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. தனியா கேட்டா துள்ளலான டியூன்தான். ஆனா அந்த இருட்டுல கேட்டப்ப எனக்கு முதுகுத்தண்டு சில்லுனு ஆச்சு.

வாசிச்சது யாருனு தேடினேன். ஃபேட்ஸ் வாலர்னு வந்துச்சு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன்னா எனக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஃபேட்ஸ் வாலர் வேற ஆள். யூடியூப்ல ஒரு பழைய வீடியோ இருக்கு. குண்டா ஒரு மனுஷன், தலையில சின்னதா ஒரு வட்டத் தொப்பி, பென்சில்ல வரைஞ்ச மாதிரி மீசை, ஒரு புருவம் மட்டும் தனியா மேல போகும். காதலியோட பாதம் ரொம்பப் பெரிசா இருக்குனு மூணு நிமிஷம் பியானோவுல உட்கார்ந்து புலம்புவார். நான் அதை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்னு கணக்கே இல்ல.

அந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆளா? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முழுப் பெயர் தாமஸ் ரைட் வாலர். 1904 மே 21, நியூயார்க்ல பிறந்தார். ஃபேட்ஸ்ங்கிறது பட்டப்பேர். நம்ம ஊர்ல ஒருத்தரை 'குண்டு'னு கூப்பிடுற மாதிரி வெச்சுக்கங்க. அப்பா பாப்டிஸ்ட் சபைக்காரர், பிரசங்கம் பண்றவர். அம்மா அடலைன் பாடுவாங்க, பியானோ, ஆர்கன் வாசிப்பாங்க. பையன் பாதிரியாராகணும்னு அப்பாவுக்கு ஆசை. ஜாஸ் எல்லாம் அவருக்குப் பிசாசோட சங்கீதம். அதே அப்பாதான் பையனை கார்னகி ஹாலுக்குக் கூட்டிட்டுப்போய், போலந்துப் பியானோ மேதை படரெவ்ஸ்கியோட கச்சேரியையும் காட்டினார். இந்த கார்னகி ஹாலை ஞாபகத்துல வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

பையன் போய்ச் சேர்ந்தது சர்ச்சுல இல்ல, சினிமா தியேட்டர்ல. ஹார்லெம்ல 135ஆவது தெருவுல லிங்கன் தியேட்டர். அது ஊமைப்பட காலம். திரைக்கு முன்னாடி உட்கார்ந்து ஒருத்தர் படம் முழுக்க வாசிக்கணும். அங்க ஒரு பெரிய ஆர்கன் இருந்தது. பதினைஞ்சு வயசு வாக்குல வாலருக்கு அந்த வேலை கிடைச்சிடுச்சு. பின்னாடி பெரிய பேர் வாங்கின கவுண்ட் பேஸி இருக்காரே, அவர் இந்த தியேட்டருக்கு வந்து முன்வரிசையில உட்கார்ந்து, வாலரோட கால் பெடல்ல எங்கெங்க போகுதுனு பார்த்துத்தான் ஆர்கன் கத்துக்கிட்டார்.

1920ல அம்மா இறந்துபோறாங்க. வாலருக்கு 16 வயசு. அப்பாகூட ஒத்துப்போகல. வீட்டை விட்டு ஒரு பியானோக்கார நண்பரோட குடும்பத்துல போய்த் தங்கிடுறார். அந்த வட்டத்துலதான் ஜேம்ஸ் பி. ஜான்சன் குருவா கிடைக்கிறார். ஹார்லெம் பியானோவுக்கு அப்ப அவர்தான் தலை. கத்துக்கொடுத்த பாணிக்குப் பேர் ஸ்ட்ரைட். எட்டிப்போட்டு நடக்கிறதுனு அர்த்தம்.

அது என்னனு சொல்லிடறேன், மேசை மேல தட்டிப் பாருங்க. இடது கை ரொம்ப இடப்பக்கம் போய் ஒரு கனமான ஒத்தை சுரம். உடனே நடுவுக்குத் தாவி ஒரு கொத்து சுரம். திரும்ப இடப்பக்கம். திரும்ப நடு. தும்-சக், தும்-சக். கீழே பார்க்க நேரம் கிடையாது, அவ்வளவு வேகம். ஒரு பேஸ் கிடாரும் ஒரு டிரம்மும் பண்ற வேலையை இடது கை மட்டும் பண்ணுது. வலது கை அதுக்கு மேல தன் இஷ்டத்துக்கு விளையாடும். வாலருக்குக் கை வேற பெரிசு, சாதாரணமா எட்டாத தூரத்தையெல்லாம் ஒரே விரிப்புல பிடிப்பார். 1929ல அவர் பதிவு பண்ணின 'ஹாண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' கேளுங்க, ரெண்டு பேர் வாசிக்கிறாங்கனு சத்தியம் பண்ணுவீங்க.

சரி, இந்தக் கைக்கு காமெடி எங்கிருந்து வந்தது?

வாடகையிலிருந்து வந்ததுனு நான் சொல்வேன். 1920கள்ல தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் ஹார்லெமுக்கு வந்து குவியறாங்க. சம்பளம் கம்மி, வாடகை ஜாஸ்தி. மாசக் கடைசியில வாடகைக்குப் பணம் இல்லைனா என்ன பண்ணுவாங்க? வீட்டுல இருக்கிற மேசை நாற்காலியை ஓரங்கட்டிட்டு, வாசல்ல சில்லறை வாங்கிக்கிட்டு ஊரையே உள்ளே விடுவாங்க. சமையல் இருக்கும். மதுவிலக்கு அமல்ல இருந்த காலம், ஆனாலும் சரக்கு இருக்கும். ஒரு பியானோக்காரர் கண்டிப்பா இருக்கணும். ரெண்ட் பார்ட்டினு பேர். ரெண்டு மாடி தள்ளி இன்னொரு வீட்டுலயும் அதே ராத்திரி அதே பார்ட்டி நடக்கும். உங்க ஆள் போரடிச்சா கூட்டம் அங்க போயிடும், வீட்டுக்காரருக்கு வாடகை போச்சு.

அப்ப அந்த ரூம்ல கூட்டத்தைப் பிடிச்சு வெக்க விரல் மட்டும் போதாது. வாய் வேணும், கண் வேணும், வாசல்ல நுழையற ஆளைப் பார்த்து ஒரு வரி சேர்த்துப் பாடத் தெரியணும். வாலரோட நகைச்சுவையைப் பின்னாடி யாரோ மேனேஜர் ஒட்டவெச்சதுனு சிலர் எழுதறாங்க. எனக்கு அப்படித் தோணல. வாசிப்பும் கிண்டலும் ஒரே வீட்டுல, ஒரே ராத்திரியில வளர்ந்தது. 1937ல அவர் பதிவு பண்ணின 'தி ஜாயிண்ட் இஸ் ஜம்பின்' அப்படி ஒரு பார்ட்டியை அப்படியே தூக்கி ரெக்கார்டுல வெச்சதுதான். பேச்சு, கூச்சல், கடைசியில போலீஸ் சைரன் வரைக்கும் வரும்.

கேங்ஸ்டர் கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லலைனா நீங்க கமெண்ட்ல கேப்பீங்க. சிகாகோவுல அவர் வாசிச்சுட்டு வெளிய வரும்போது துப்பாக்கி முனையில கார்ல ஏத்திட்டுப் போனாங்களாம். உள்ளே போய்ப் பார்த்தா அல் கபோனோட பிறந்தநாள் பார்ட்டி. மூணு நாள் வாசிச்சுட்டுப் பாக்கெட் நிறைய பணத்தோட வந்தாராம். நல்ல கதை. நான் பாதிதான் நம்பறேன்.

பணம் அவர்கிட்ட நிக்கல, அது மட்டும் உண்மை. சின்ன வயசுலயே கல்யாணம், சீக்கிரமே விவாகரத்து. ஜீவனாம்சம் கட்டாம ஜெயிலுக்கே போயிருக்கார். கையில காசு வேணும்னா பாட்டை வித்துடுவார். 1929ல இருபது பாட்டு வாக்குல உரிமையை மொத்தமா 500 டாலருக்கு எழுதிக் கொடுத்துட்டார். அதுல ஒண்ணு 'எய்ண்ட் மிஸ்பிஹேவின்'. லூயி ஆம்ஸ்ட்ராங்கை பிராட்வேயில தூக்கி நிறுத்தின பாட்டு அது. இன்னைக்கும் உலகத்துல எங்கேயாவது ஒரு ஹோட்டல் லாபியில யாராவது அதை வாசிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க.

அதே 1929, அதே 'ஹாட் சாக்லேட்ஸ்'ங்கிற மேடை நிகழ்ச்சி. அதுக்குப் பாட்டு எழுதினவர் ஆண்டி ராசாஃப், வாலரோட நெருங்கின கூட்டாளி. மடகாஸ்கர் அரச குடும்பத்து வாரிசு அவர், ராணி மூணாம் ரனவலோனாவோட சொந்தக்காரர். நிகழ்ச்சிக்குப் பணம் போட்டவர் டச் ஷூல்ட்ஸ், நிஜ கேங்ஸ்டர். கறுப்பா இருக்கிற ஒரு பொண்ணு தன் நிறத்தை நினைச்சுப் புலம்பற மாதிரி ஒரு காமெடிப் பாட்டு வேணும்னு அவர் மிரட்டிக் கேட்டதா ராசாஃப் பிற்காலத்துல சொல்லியிருக்கார். அதாவது, வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரிக்கணும்.

ராசாஃபும் வாலரும் எழுதிக் கொடுத்தது 'பிளாக் அண்ட் புளூ'. முதல்ல சிரிப்புப் பாட்டு மாதிரிதான் ஆரம்பிக்கும். போகப் போக, தோல் நிறத்துக்காக ஒரு மனுஷனை இந்த நாடு என்ன பண்ணுதுங்கிற கேள்வியா மாறிடும். சிரிக்க ஆரம்பிச்ச கூட்டம் அமைதியாகி, கடைசியில எழுந்து நின்னு கைதட்டினதா ராசாஃப் சொல்றார். ஷூல்ட்ஸால ஒண்ணும் பண்ண முடியல, கைதட்டல் அப்படி. ஆம்ஸ்ட்ராங் அதையும் பதிவு பண்ணினார். ரால்ஃப் எல்லிசன் 1952ல 'இன்விசிபிள் மேன்' நாவலோட முன்னுரையில அந்த ரெக்கார்டைத்தான் கொண்டு வர்றார். சிரிக்கவெக்கச் சொல்லிக் கேட்ட இடத்துல துக்கத்தைக் கொடுத்தாங்க.

அஞ்சு வருஷம் கழிச்சு இது அப்படியே தலைகீழாகுது. 1934ல விக்டர் கம்பெனியோட ஒப்பந்தம். 'ஃபேட்ஸ் வாலர் அண்ட் ஹிஸ் ரிதம்'னு ஆறு பேர் குழு. கம்பெனி என்ன பண்ணும்னா, அப்ப சந்தையில புதுசா வந்த காதல் பாட்டு நோட்டுகளை ஒரு கட்டு கொடுத்துடும். நிலா, ரோஜா, உன் நினைவு, என் கண்ணீர். பாதி தேறாத பாட்டு. எல்லாத்தையும் பாடித்தான் ஆகணும்.

வாலர் பாடினார். ஆனா எப்படி? முதல் வரியை உருகி உருகிப் பாடுவார், கொஞ்சம் அளவுக்கு மீறி. ரெண்டாவது வரியில குரலைப் பொம்பளை மாதிரி மேல தூக்குவார். நடுவுல 'ஐயோ பாவம்'ங்கிற தொனியில ஒரு முணுமுணுப்பு. பாட்டெழுதினவன் கேட்டா தூக்கு மாட்டிக்குவான். ஆனா அந்த நேரம் பூரா கீழே இடது கை தும்-சக், தும்-சக், ஒரு இழை பிசகாது. மோசமான பாட்டை அழிக்காம, அதுக்குள்ளயே உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறது ஒரு தனி வித்தை. நம்ம கையில மீம் பண்றப்ப நாமளும் அதைத்தான் பண்றோம், ஆனா நமக்கு அந்த இடது கை கிடையாது.

இதுக்கு நடுவுல நிஜமாவே நல்ல பாட்டு வந்தா அவருக்குத் தெரிஞ்சிடும். தனக்குத் தானே காதல் கடிதம் எழுதிக்கிற ஒருத்தன் பாட்டு ஒண்ணு, 1935. அதுல கிண்டல் ரொம்ப லேசு. அந்தத் தனிமையை அவர் மேல ஏறி மிதிக்கல. அதுதான் அவரோட பெரிய ஹிட்கள்ல ஒண்ணு.

ஹிட் வந்தா என்ன ஆகும்? அதையே திரும்பக் கேப்பாங்க. 1936ல 'கிங் ஆஃப் பர்லெஸ்க்'னு ஒரு ஹாலிவுட் படம், அதுல அவருக்கு லிஃப்ட் இயக்குறவர் வேஷம். 1941ல சவுண்டீஸ்னு ஒண்ணு வந்தது. பார், ஹோட்டல்ல காசு போட்டா மூணு நிமிஷப் படம் ஓடற பெட்டி, அந்தக் காலத்து ரீல்ஸ்னு வெச்சுக்கலாம். நான் எல்லாருக்கும் அனுப்பின பாதப் பாட்டு வீடியோ அதுதான்.

இந்த எபிசோடுக்காகத் திரும்ப அதைப் பார்த்தப்ப எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருந்தது. அந்தக் கண்ணை உருட்டுறது இருக்கே, அது அவர் கண்டுபிடிச்சது இல்ல. வெள்ளைக்காரங்க முகத்துல கரி பூசிக்கிட்டு கறுப்பர்களைக் கேலி பண்ணி நூறு வருஷமா நடத்தின மேடையிலிருந்து வந்தது அது. கறுப்புக் கலைஞன்னா கண்ணை உருட்டணும், பல்லைக் காட்டணும், அப்பதான் டிக்கெட் விற்கும். அப்ப வாலர் அதுக்கு அடிபணிஞ்சாரா, இல்ல அதையே கிண்டல் பண்ணினாரா? நான் வீடியோவை ஒரு தடவை சத்தமில்லாம, கையை மட்டும் பார்த்தேன். முகம் ஊரைச் சிரிக்கவெச்சுட்டு இருக்கு. கை அதைக் கண்டுக்கவே இல்ல. எனக்கு ரெண்டும் உண்மைனுதான் படுது. அவர் அந்தக் கிண்டலை ரசிச்சுத்தான் பண்ணினார். அதை மட்டும்தான் கேட்டாங்கங்கிறது அவரை வதைச்சது.

இது எனக்கு ஏன் உறைக்குதுனா, எங்க கேங்ல காமெடி பீஸ் நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு ராத்திரி குரூப்ல 'பயமா இருக்குடா'னு போட்டேன். வரிசையா சிரிக்கிற எமோஜி வந்தது. யார் மேலயும் தப்பில்ல. அடுத்த பஞ்ச் வரும்னு காத்திருந்தாங்க. நானும் ஒரு பஞ்ச் போட்டுட்டேன்.

வாலருக்கு ஆர்கன்தான் அந்த இன்னொரு குரல். 1920களோட கடைசியில அவர் ஆர்கன் வாசிச்சது, நியூ ஜெர்சி காம்டன்ல விக்டர் கம்பெனி வாங்கி ஸ்டூடியோ ஆக்கியிருந்த ஒரு பழைய சர்ச்சுல. அங்க ஒரு பைப் ஆர்கன் இருந்தது. பைப் ஆர்கன்ல ஜாஸ் வாசிக்கிறது சுலபமில்ல. கட்டையை அழுத்தினதுக்கும் சத்தம் குழாய் வழியா வர்றதுக்கும் நடுவுல ஒரு நொடிப்பொழுது தாமதம் இருக்கும். தாளமே உயிரா இருக்கிற இசைக்கு அது எமன். வாலர் அந்தத் தாமதத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டு, கேட்கிறவனுக்குத் துள்ளலா விழற மாதிரி வாசிச்சார். லிஞ்ச் அம்பது வருஷம் கழிச்சு 'இரேசர்ஹெட்'டுக்கு எடுத்துக்கிட்டது இந்தக் காலத்து ஆர்கன் பதிவுகளைத்தான்.

1938ல லண்டன் போனப்ப, பீட்டில்ஸால பின்னாடி எல்லாருக்கும் தெரிஞ்ச அதே ஆபி ரோட் ஸ்டூடியோவுல, ஆர்கன்ல கறுப்பின மக்களோட பழைய பக்திப் பாடல்களை வாசிச்சார். 'டீப் ரிவர்', 'கோ டவுன் மோசஸ்'. ஒரு ஜோக் கிடையாது, ஒரு முணுமுணுப்பு கிடையாது. அம்மாவோட சர்ச் சங்கீதம் அது. அடுத்த வருஷம் அங்கேயே 'லண்டன் சூட்'னு ஆறு பகுதியா ஒரு பியானோ படைப்பு, லண்டனோட ஆறு இடங்களைப் பத்தி. அவர் வாசிச்ச அந்தப் பதிவு அவர் செத்த பிறகுதான் வெளிய வந்தது.

இப்ப கார்னகி ஹால். 1942 ஜனவரி 14. சின்ன வயசுல அப்பாகூட வந்து உட்கார்ந்த அதே ஹால்ல, இப்ப மேடையில அவர். பியானோ, ஆர்கன், பக்திப் பாடல், கெர்ஷ்வினை வெச்சு மனோதர்மமா கொஞ்சம். வாழ்க்கை பூரா காத்திருந்த ராத்திரி. என்ன பண்ணினார்? குடிச்சார். இடைவேளைக்கப்புறம் எங்க ஆரம்பிச்சாலும் சுத்திச் சுத்திக் கெர்ஷ்வினோட 'சம்மர்டைம்'லயே வந்து நின்னார். பத்திரிகைகள் நல்லா எழுதல. குடி அவருக்கு ரொம்ப நாளாவே இருந்த பிரச்சினை, அதை நான் ரொமான்ஸ் பண்ணப்போறதில்ல. ஆனா அன்னைக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் அந்தப் புருவம் மேல போறதுக்காகவே காத்திருந்திருப்பாங்கனு யோசிக்காம இருக்க முடியல.

அதோட முடிஞ்சிடல. அதே வருஷம் 'ஜிட்டர்பக் வால்ட்ஸ்' பதிவு பண்ணினார், இன்னைக்கும் ஜாஸ்காரங்க விடாம வாசிக்கிற மெட்டு. 1943ல 'எர்லி டு பெட்'னு ஒரு பிராட்வே மியூசிக்கல். முதல்ல அவரை அதுல காமெடி நடிகராத்தான் கூப்பிட்டாங்க. கடைசியில இசையமைப்பாளர் ஆனார். பெரும்பாலும் வெள்ளை நடிகர்களே நடிச்ச ஒரு பிராட்வே நாடகத்துக்கு ஒரு கறுப்பர் இசை அமைச்சது அதுதான் முதல் தடவை. ஷோ நல்லா ஓடுச்சு. அதே வருஷம் 'ஸ்டார்மி வெதர்' படமும் வந்தது, லீனா ஹார்ன், கேப் காலோவேயெல்லாம் இருக்கிற படம். அதுல அவர் அவராவே வர்றார்.

டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல நிகழ்ச்சி முடிச்சுட்டு உடம்பு சரியில்லாமலே நியூயார்க்குக்கு ரயில் ஏறினார். சூப்பர் சீஃப். கடும் குளிர். 1943 டிசம்பர் 15 விடிகாலை, ரயில் கன்சாஸ் சிட்டியில நின்னப்ப அவர் உயிர் இல்ல. நிமோனியா. வயசு 39. ஹார்லெம்ல அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச்சுல இறுதிச் சடங்கு, ஆயிரக்கணக்குல கூட்டம். அஸ்தியை விமானத்துல எடுத்துட்டுப்போய் ஹார்லெம் மேல தூவினாங்க.

கேக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு: முதல்ல அந்தப் பாதப் பாட்டு வீடியோவைப் பாருங்க, தயங்காம சிரிங்க. அப்புறம் ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு 1938 'டீப் ரிவர்'. ரெண்டுக்கும் நடுவுல பாட்டு எதுவும் போடாதீங்க. லிங்க் ரெண்டும் கீழே இருக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்.